.22-250: தொழிற்சாலைக்கு வெளியே பிறந்த வேகத் தோட்டா

ரைபிள் தோட்டாவில் நான்கே பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய, தட்டினால் தீப்பொறி எழும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. பேச்சு வழக்கில் முழுத் தோட்டாவையும் குண்டு என்று சொல்லிவிடுகிறோம். இங்கே குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்து போகும் முனைப்பகுதி மட்டும்தான்.

கடையில் விற்கும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வரைபடம் உண்டு. கூட்டின் நீளம், தோளின் (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி) சாய்வு, குண்டைப் பிடிக்கும் கழுத்தின் விட்டம், உள்ளே எழும் அழுத்தம் எதுவரை போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் இதை வகுப்பது 1926இல் தொடங்கிய எஸ்ஏஏஎம்ஐ என்ற உற்பத்தியாளர் அமைப்பு. எந்தக் கம்பெனி ரைபிளிலும் அதற்குரிய தோட்டா, எந்தக் கம்பெனி செய்ததானாலும், பொருந்துவது இந்த வரைபடத்தால்தான். அப்படியொரு பொது வரைபடம் இல்லாமல், யாரோ ஒரு துப்பாக்கித் தச்சர் தன் பட்டறையில் இருக்கிற கூட்டை நசுக்கியோ விரித்தோ உருவாக்கிய தோட்டாதான் வைல்ட்கேட். அது வேகமாகப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெட்டியாகக் கடையில் கிடைக்காது, அவ்வளவுதான். ஆனால் வைல்ட்கேட் செய்தவர்களில் பெரும்பாலோர் வேகத்தைத் தேடித்தான் அதில் இறங்கினார்கள்.

அந்தத் தேடலைப் புரிந்துகொள்ள .22-250ஐவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். முப்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக வைல்ட்கேட்டாக இருந்து, பிறகு தொழிற்சாலைக்குள் போய், இன்றுவரை விற்பனையில் இருக்கும் தோட்டா இது.

தாய்க் கூடு

கதை 1915இல் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர் சார்லஸ் நியூட்டன், சேவேஜ் கம்பெனியின் மாடல் 99 லீவர் ரைபிளுக்காக .25 அளவில் (குண்டின் விட்டம் ஏறக்குறைய கால் அங்குலம்) ஒரு தோட்டா வடிவமைத்துக் கொடுத்தார். அவர் 100 கிரெய்ன் குண்டு போடச் சொன்னார். கம்பெனியோ 87 கிரெய்ன் குண்டைத் தேர்ந்தெடுத்தது. எடை குறைந்தால் விநாடிக்கு 3,000 அடி வேகம் கிடைக்கும், அதை விளம்பரத்தில் போடலாம் என்பதே காரணம். பெயரும் அப்படியே .250-3000 ஆனது. (ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். 87 கிரெய்ன் ஐந்தரை கிராமுக்குச் சற்று மேல்.)

1930களில் அமெரிக்க விவசாயிகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து அடிக்கும் தோட்டா தேவைப்பட்டது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் வுட்சக், பிரெய்ரி நாய் போன்றவைதான் இலக்கு. இலக்கு சிறியது, தூரம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாது. குண்டின் பாதை எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் பாதகமில்லை. தட்டையான பாதைக்கு வேகம் வேண்டும்.

.250-3000 கூட்டின் கழுத்தை .22 அளவுக்குச் சுருக்கினால் என்ன என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஒரே சமயத்தில் பலருக்கும் வந்தது. குரோவனர் வோட்கின்ஸ், ஜே.ஈ. கெப்பி, ஜே. புஷ்நெல் ஸ்மித், ஹார்வி டொனால்ட்சன் ஆகிய பெயர்கள் இந்த வரிசையில் வரும். வோட்கின்ஸின் வடிவத்தை வின்செஸ்டர் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் 1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட .220 ஸ்விஃப்ட், பழைய 6 மி.மீ. லீ நேவி கூட்டிலிருந்து வந்தது. 48 கிரெய்ன் குண்டுக்கு விநாடிக்கு 4,110 அடி என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத எண்.

கெப்பியும் ஸ்மித்தும் 1937இல் தங்கள் வடிவத்தை இறுதி செய்தார்கள். கெப்பி அதற்கு ‘வார்மின்டர்’ என்று பெயரிட்டு வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாத மற்றத் தச்சர்கள், .250 கூட்டில் .22 குண்டு என்ற பொருளில் .22-250 என்று எழுதினார்கள். நிலைத்தது அந்தப் பெயர்தான்.

1963இல் பிரவுனிங் கம்பெனி தன் ரைபிளில் தோட்டா உட்காரும் அறையை .22-250க்கு வெட்டி விற்றது. வழக்கத்தில் இல்லாத விஷயம் இது. பெரிய கம்பெனி ரைபிள் விற்கிறது, அதற்குத் தோட்டா விற்க யாரும் இல்லை! வாங்கியவர் கூட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும். 1965இல் ரெமிங்டன் கம்பெனி தன் மாடல் 700 ரைபிளோடு தொழிற்சாலைத் தோட்டாவும் கொண்டுவந்தது. அத்தோடு வைல்ட்கேட் காலம் முடிந்தது.

வேகம் எங்கிருந்து வருகிறது

தொழிற்சாலை .22-250 கூட்டின் நீளம் 1.912 அங்குலம், அதாவது 48.6 மி.மீ. அடி விளிம்பின் விட்டம் 0.473 அங்குலம். .30-06 தோட்டாவுக்கும் இதே விளிம்புதான், அதனால் வழக்கமான போல்ட் ரைபிள்களில் தனி போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு) செய்யாமலே பொருந்திவிடும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். வைல்ட்கேட் செய்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. தோள் 28 பாகை. குண்டின் விட்டம் 0.224 அங்குலம். அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. 55 கிரெய்ன் குண்டுக்குத் தொழிற்சாலை தரும் வேகம் விநாடிக்கு 3,680 அடி, மெட்ரிக்கில் 1,122 மீட்டர். ஒலியைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

இதே 0.224 அங்குலக் குண்டைத்தான் .223 ரெமிங்டனும் எய்கிறது. அதில் 55 கிரெய்ன் குண்டின் வேகம் 3,240 அடி. வேறுபாடு கூட்டின் கொள்ளளவில். கூட்டில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று எடைபோட்டுக் கொள்ளளவைச் சொல்வது வழக்கம். .223இல் சுமார் 29 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும், .22-250இல் சுமார் 44.6.

தோட்டா செய்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. குண்டும் அழுத்தமும் மாறாமல் கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ, வேகம் அதில் கால்பங்கு சதவீதம்தான் கூடும். 29இலிருந்து 44.6 என்றால் 54 சதவீதம் அதிகம். கால்பங்கு 13.5. 3,240 அடியோடு 13.5 சதவீதத்தைக் கூட்டினால் 3,677 வருகிறது. இரண்டு தோட்டாக்களின் அழுத்த வரம்பும் ஒன்றல்ல என்பதால் இவ்வளவு நெருங்கி வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஆனாலும் கணக்கு காட்டும் திசை சரி.

இப்போது ஸ்விஃப்டை எடுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 48 கிரெய்ன். .22-250ஐவிட ஏழரை சதவீதம் அதிகம். கிடைக்கும் வேகம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, 55 கிரெய்ன் குண்டில் எழுபது அடி. இந்த எழுபது அடிக்காக நீளமான கூடு, அரைவிளிம்பு (உடலைவிடச் சற்றே வெளியே நீட்டும் விளிம்பு) வைத்த அடிப்பாகம், குழலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்ற கெட்ட பெயர் எல்லாம் சேர்ந்து வந்தன. 1964இல் வின்செஸ்டரே ஸ்விஃப்டை ஒதுக்கிவிட்டு .225 வின்செஸ்டர் என்ற புதிய தோட்டாவுக்கு மாறியது. அதற்கும் அரைவிளிம்புதான். அடுத்த ஆண்டே ரெமிங்டன் .22-250ஐ இறக்கியது. .225 எடுபடவில்லை. என் கணிப்பில், ஸ்விஃப்ட் தோற்றது வேகத்தில் அல்ல, கணக்கில்.

இந்தக் கணக்கை எல்லை வரை இழுத்துப் பார்த்தவர் பி.ஓ. ஆக்லி என்ற துப்பாக்கித் தச்சர். விநாடிக்கு 5,000 அடியைத் தாண்ட வேண்டும் என்று கேட்டு வந்த பாப் ஹட்டனுக்காக, யானை வேட்டைக்கு உரிய .378 வெதர்பி மேக்னம் கூட்டை .22க்குச் சுருக்கினார். ‘இயர்கெஸ்பிளிட்டன் லவுடன்பூமர்’ என்று கேலிப் பெயரும் வைத்தார். .22-250ஐப் போல மூன்று மடங்கு கொள்ளளவு. 50 கிரெய்ன் குண்டு 4,600 அடியோடு நின்றுவிட்டது. அதே 50 கிரெய்ன் குண்டை .22-250 சுமார் 3,800 அடியில் அனுப்பும். மூன்று மடங்கு இடம், இருபது சதவீதம் வேகம். ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மதகின் வாய் சிறிதென்றால் வெளியேறும் தண்ணீர் அந்த வாயின் அளவுக்குத்தான். கால்பங்கு விதிகூட இங்கே செல்லவில்லை.

கூடு செய்வது, அதில் கெட்டுப்போவது

வைல்ட்கேட் காலத்தில் .22-250 கூட்டை .250 சேவேஜ் கூட்டிலிருந்து செய்தார்கள். இரண்டின் நீளமும் ஒன்றே. தோள் 26.5 பாகையிலிருந்து 28க்கு மாற வேண்டும், கழுத்து .25இலிருந்து .22க்குச் சுருங்க வேண்டும். வேலை அவ்வளவுதான், ஆனால் தவறு நேர ஒவ்வொரு படியிலும் இடம் உண்டு.

முதலில் கூட்டின் உடலில் மெல்லிய மசகு தடவி, அச்சுக்குள் அழுத்துவார்கள். மசகு போதாவிட்டால் கூடு அச்சுக்குள் இறுகி மாட்டிக்கொள்ளும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் விளிம்பு பிய்ந்து வரும், கூடு உள்ளேயே நிற்கும். மசகு மிஞ்சினால் தோளில் தேங்கும். எண்ணெய் அமுங்காதே, அதனால் பித்தளைதான் உள்வாங்கிக் குழி விழும்.

அடுத்தது கழுத்து. விட்டம் குறையும்போது பித்தளை எங்கும் போய்விடுவதில்லை, சுவர் தடிக்கிறது. இதைக் கவனிக்காமல் குண்டைச் செருகினால் கழுத்தின் வெளி விட்டம் ரைபிள் அறையின் கழுத்தளவுக்கு வந்துவிடும். சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமிருக்காது. மருந்தின் அளவு சரியாக இருந்தும் அழுத்தம் ஏறுவது இப்படித்தான். செருகிய குண்டோடு கழுத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அறையின் கழுத்தைவிட ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமாவது சிறிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தின் வெளிப்புறத்தைச் சீவ வேண்டும்.

மூன்றாவது, புதியவர் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் ஹெட்ஸ்பேஸ். போல்டின் முகத்துக்கும் அறையின் தோளுக்கும் உள்ள தூரம் அது. அச்சைக் கூடுதலாக இறக்கித் தோளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால், கூடு அறைக்குள் தளர்வாக நிற்கும். சுட்டதும் கூட்டின் முன்பகுதி அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும், அடிப்பாகம் பின்னோக்கிப் போய் போல்டில் மோதும். நடுவில் பித்தளை இழுபடும். அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள் பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. சந்தேகம் இருந்தால் மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள். கம்பி ஒரு பள்ளத்தில் இறங்குவது கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட கூட்டை மறுபடி சுட்டால் அங்கேயே இரண்டாக விடும், சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும்.

மீண்டும் மீண்டும் சுருக்கி விரித்தால் பித்தளை இறுகிக் கழுத்தில் நெடுக்காக வெடிப்பு வரும். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி இளக்கினால் தீரும். அடிப்பாகத்தைச் சூடாக்கக் கூடாது. அது இளகினால் 65,000 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க எதுவும் இல்லை.

மருந்தின் அளவை இங்கே தராததற்குக் காரணம் உண்டு. வைல்ட்கேட் என்றாலே ஒருவர் ரைபிளின் அறை இன்னொருவருடையதைப் போல இராது. ஒருவருக்குச் சரியான அளவு மற்றவரின் ரைபிளை உடைத்துவிடும். போல்டைத் தூக்கக் கை கடுமையாக உணர்ந்தாலோ, பிரைமரின் ஓரம் தட்டையாகிப் போனாலோ, கூட்டின் அடியில் எஜெக்டரின் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் ஊசி) வட்ட அச்சு பதிந்தாலோ அழுத்தம் எல்லை தாண்டிவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

பறக்கும்போது என்ன நடக்கிறது

55 கிரெய்ன் சாதாரணக் கூர்முனைக் குண்டு 3,680 அடியில் கிளம்பி 200 கஜத்தில் சுமார் 2,650 அடிக்கும், 300 கஜத்தில் சுமார் 2,220 அடிக்கும் இறங்கிவிடுகிறது. 300 கஜத்துக்குள் நாற்பது சதவீத வேகம் காற்றில் போய்விடுகிறது. குட்டையான, எடை குறைந்த குண்டு என்பதால்தான் இந்த இழப்பு. இருந்தாலும் 200 கஜத்துக்கு நேராக்கிய ரைபிள் 100 கஜத்தில் ஓர் அங்குலம் உயர்ந்தும், 300 கஜத்தில் ஏறக்குறைய ஆறு அங்குலம் தாழ்ந்தும் அடிக்கும். 200 கஜம் வரை குறியை மாற்றவே தேவையில்லை.

காற்று வேறு கதை. குறுக்குக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. வேகம் குறையாமல் போனால் 300 கஜம், அதாவது 900 அடி கடக்க 900ஐ 3,680ஆல் வகுத்தால் 0.245 விநாடி. உண்மையில் ஆவது சுமார் 0.315 விநாடி. இந்த 0.07 விநாடித் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒதுக்கம் வந்துவிடும். மணிக்கு 10 மைல் காற்று விநாடிக்கு 176 அங்குலம். பெருக்கினால் பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். கீழே விழுவது ஆறு அங்குலம், பக்கவாட்டில் போவது ஓரடி! .22-250 தட்டையாக அடிக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது எண் தெரிவதில்லை. குழலைவிட்டுக் கிளம்பும் வேகத்தைவிட, வழியில் எவ்வளவு வேகம் மிஞ்சுகிறது என்பதே காற்றில் முக்கியம்.

அப்படியானால் நீளமான, எடை கூடிய குண்டைப் போடலாமே? அங்கே குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே சுருளாக வெட்டிய பள்ளம், தடுக்கிறது. .22-250க்கு வழக்கமான முறுக்கு 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெய்ன் வரை அது நன்றாக நிலைப்படுத்தும். 70, 80 கிரெய்ன் நீளக் குண்டுகள் அதில் தள்ளாடி, இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துளை வடிவில் கிழிசல் விழும். அவற்றுக்கு 8 அல்லது 9 அங்குல முறுக்கு வேண்டும். ஆனால் 8 அங்குல முறுக்கில் 3,680 அடி வேகக் குண்டு நிமிடத்துக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம் சுற்றைத் தாண்டும். 14 அங்குல முறுக்கில் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கு அருகில்தான். சிறு விலங்குக்காகச் செய்த மெல்லிய செம்புறைக் குண்டுகள் அந்தச் சுழற்சியில் வழியிலேயே சிதறிவிடுவது உண்டு. இலக்கில் துளையே இல்லை, நடுவழியில் சாம்பல் நிறப் புகைக்கீற்று தெரிகிறது என்றால் காரணம் அதுதான். எந்தக் குண்டு என்று முடிவு செய்த பிறகுதான் முறுக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழல் தேய்மானத்தைப் பற்றிச் சுருக்கமாக. துளையின் பரப்பு சிறியது, எரியும் மருந்து அதிகம். சூடான வாயு முழுதும் அறைக்கு முன்னால் உள்ள தொண்டைப் பகுதி வழியே பாய்கிறது. எஃகின் மேற்பரப்பில் முதலைத்தோல் போல நுண்வெடிப்புகள் வந்து, ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் உதிரும். வேகமாகத் தொடர்ந்து சுடுவதுதான் பெரிய எதிரி. பிரெய்ரி நாய்கள் நிறைந்த வெளியில் உட்காருபவர்கள் இரண்டு ரைபிள் கொண்டுபோய் மாற்றி மாற்றிச் சுடுவது இதற்காகத்தான். குழலைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாத அளவு சூடாகிவிட்டால் நிறுத்த வேண்டும்.

தொழிற்சாலை ஏற்றுக்கொண்ட பிறகும் .22-250ஐத் திருத்துவது நிற்கவில்லை. ஆக்லி பாணியில் தோளை 40 பாகையாக்கி உடலின் சாய்வைக் குறைத்த வடிவம் இன்றும் உண்டு. இதற்குத் தனிக் கூடு வேண்டாம். சாதாரணத் தோட்டாவை அந்த அறையில் சுட்டால் கூடு விரிந்து புது வடிவம் எடுக்கும். அதற்காகவே அறையை 0.004 அங்குலம் குட்டையாக வெட்டுவார்கள், கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் சாதாரணத் தோட்டா லேசாக நசுங்கி நிற்கும்படி. அப்படி வெட்டாவிட்டால் முன்பு சொன்ன ஹெட்ஸ்பேஸ் சிக்கல் முதல் சூட்டிலேயே வரும். கிடைக்கும் வேகத்தைக் கால்பங்கு விதியில் போட்டுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தோள் செங்குத்தாக இருப்பதால் கூடு நீளாமல் அடிக்கடி வெட்டும் வேலை குறைவது மெய்யான லாபம்.

1965க்கு முன் செய்த, ‘.22 வார்மின்டர்’ என்றோ வெறுமனே ‘.22-250’ என்றோ பொறித்த பழைய ரைபிள் கைக்கு வந்தால் இன்றைய தொழிற்சாலைத் தோட்டாவை உடனே போட்டுவிடக் கூடாது. அதன் அறையை வெட்டிய தச்சர் எந்த அளவில் வெட்டினார் என்று பொறிப்பு சொல்லாது. செர்ரோசேஃப் என்ற எளிதில் உருகும் உலோகத்தை அறையில் ஊற்றி வார்ப்பு எடுக்க வேண்டும். கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே அது உருகும். ஊற்றுவதற்கு முன் அறையை உலரத் துடைத்து, தொண்டைக்கு அப்பால் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். ஆறும்போது முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். வார்த்து ஒரு மணி நேரம் ஆகும்போது அறையின் சரியான அளவுக்கு வந்திருக்கும். அப்போது அளந்து, கழுத்து விட்டத்தையும் தோளின் இடத்தையும் தொழிற்சாலை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மறுநாள் அளந்தால் வார்ப்பு அறையைவிடச் சற்றுப் பருத்திருக்கும், கழுத்தில் இல்லாத இடைவெளியை இருப்பதாகக் காட்டிவிடும்.